கோப்பைக்குள் ஒரு கம்பெனி: தனிக் கைவினைஞரின் விலைக்கணக்கு

கையால் செய்த பொருளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு பக்கமாகத்தான் சாயும். "நடுவில் கம்பெனி இல்லை, தரகர் இல்லை, விளம்பரம் இல்லை. அப்படியானால் மலிவாகத்தானே இருக்க வேண்டும்?" என்பது ஒரு பக்கம். "இது கலை, இதற்கெல்லாம் விலையே கிடையாது" என்பது மறுபக்கம். (இரண்டாவதைச் சொல்பவர்களும் கடைசியில் பேரம் பேசாமல் போவதில்லை.) இரண்டுமே தவறு; காரணமும் ஒன்றுதான். கம்பெனி இல்லை என்பதால் கம்பெனி செய்யும் வேலைகள் இல்லாமல் போய்விடுவதில்லை. வாங்குபவரைத் தேடுவது, தரம் பார்ப்பது, முதல் போடுவது, பாக்கி வசூலிப்பது, உடைந்தால் பதில் சொல்வது எல்லாவற்றையும் யாராவது செய்தாக வேண்டும். தனியாகத் தொழில் செய்யும் கைவினைஞரின் பட்டறையில் அந்த யாராவது அவரேதான்.

துணி குறைந்தது, மதிப்பு கூடியது

கடையில் வாங்கிய சட்டை. கை இரண்டு அங்குலம் நீளம். தையல்காரர் அதை வெட்டிச் சுருக்கித் தருகிறார். இப்போது சட்டையில் துணி குறைந்திருக்கிறது, ஆனால் உங்களுக்கு அதன் மதிப்பு கூடியிருக்கிறது. நேற்றுவரை அலமாரியில் கிடந்தது, இன்றைக்கு உடம்பில் ஏறுகிறது.

மதிப்பு என்பது பொருளுக்குள் இருக்கும் மூலப்பொருளின் விலை அல்ல. குறிப்பிட்ட ஒருவருக்கு அது எவ்வளவு பயன்படுகிறது என்பது. மூலப்பொருளின் விலைக்கும் முடித்த பொருள் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை மதிப்புக்கூட்டல் என்கிறோம். கைவினைஞரின் பிழைப்பு முழுக்க இந்த இடைவெளியில்தான்.

தொழிற்சாலையின் பலம் சராசரி. பலருக்குப் பொருந்தும் ஓர் அளவை எடுத்துக்கொண்டு, அதே அச்சில் ஆயிரக்கணக்கில் அடிக்கும். அந்தச் சராசரிக்குள் அடங்காத இடமே கைவினைஞரின் இடம். கோணலான சுவரில் உட்கார வேண்டிய அலமாரி, ஒரு கால் சற்றுப் பெரிதாக இருப்பவரின் செருப்பு, இருபது ஆண்டு கழித்துப் பிரித்துச் சரிசெய்யக்கூடிய நாற்காலி போன்றவை அப்படிப்பட்டவை. சராசரியே போதும் என்கிற இடத்தில் கைவினைஞர் மோதக் கூடாது. திருகாணியைக் கையால் செய்து விற்று யாரும் பிழைக்க முடியாது.

கம்பெனி எதற்காக இருக்கிறது?

வீடு மாற்றுகிறீர்கள். கட்டிலைப் பிரிக்க ஓர் ஆள், தூக்க நாலு பேர், வண்டி ஓட்ட ஒருவர், மறுபடி பூட்ட ஒருவர். ஒவ்வொருவரையும் தனித்தனியே தேடி, கூலி பேசி, நேரம் குறித்து, வராதவருக்கு மாற்று பார்ப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். இந்தத் தேடல், பேச்சு, கண்காணிப்பு ஆகியவற்றுக்கு ஆகும் செலவுக்குப் பரிவர்த்தனைச் செலவு என்று பெயர். சந்தை இருக்கும்போது நிறுவனங்கள் ஏன் உருவாகின்றன என்று 1937இல் கேள்வி எழுப்பிய பொருளியலாளர் ரொனால்டு கோஸ், விடையை இந்தச் செலவில்தான் கண்டார். ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகப் பேரம் பேசுவதைவிட, ஒரே கூரையின் கீழ் ஆட்களை வைத்துக்கொள்வது மலிவாகும்போது நிறுவனம் பிறக்கிறது.

பேருந்தையும் மிதிவண்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். பேருந்தின் செலவு அறுபது பேர் தலையில் பிரிகிறது, ஆனால் அது போகிற வழியில்தான் நாமும் போக வேண்டும். மிதிவண்டியில் வழி நம் விருப்பம். மிதிப்பதும் நாமே, பஞ்சர் ஒட்டுவதும் நாமே. தனிக் கைவினைஞர் மிதிவண்டிக்காரர்.

இதுவரை பார்த்ததில் இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மதிப்பு பொருளில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. தரகரை நீக்கலாம், தரகு வேலையை நீக்க முடியாது.

ஐந்து நிமிடக் கோப்பை

சக்கரத்தில் ஒரு கோப்பையை வனைய, கை பழகியவருக்கு ஐந்து நிமிடம் போதும். பார்ப்பவர்கள் பார்ப்பதும் அந்த ஐந்து நிமிடத்தைத்தான். "அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்ற கேள்வி அங்கிருந்தே வருகிறது. மீதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கைப்பிடி வைத்த 40 கோப்பைகள், ஒரு கோப்பைக்கு 400 கிராம் களிமண். அதாவது 16 கிலோ. அதைக் காற்றுக் குமிழ் இல்லாமல் பிசைந்து, எடை போட்டு, உருட்டி வைக்க 90 நிமிடம். வனைய 200 நிமிடம். ஓரளவு இறுகியதும் கவிழ்த்து அடியைச் சீவ, ஒன்றுக்கு 3 நிமிடமாக 120. கைப்பிடி இழுத்து ஒட்ட, 4 நிமிடமாக 160. முதல் சூட்டுக்கும் பூச்சுச் சூட்டுக்கும் சேர்த்துச் சூளையில் இருமுறை அடுக்கி இறக்க 130. கண்ணாடி மெருகுப் பூச்சில் முக்கி, அடிப்பகுதியைத் துடைக்க 120. கடைசியாக அடி தேய்த்து, தட்டிப் பார்த்து, பொதிந்து வைக்க 80. மொத்தம் 900 நிமிடம், அதாவது 15 மணி நேரம். சூளை எரியும் நேரத்தையும் ஆறும் நேரத்தையும் இதில் சேர்க்கவில்லை.

பெயருக்குத்தான் நாற்பது. கரைசேருவது 34 என்று வைத்துக்கொள்வோம். நகை வாங்கியவர்களுக்குச் செய்கூலி, சேதாரம் என்ற இரண்டு சொற்களும் பழக்கம். மண்ணிலும் அதே கதைதான், ஆனால் இங்கே சேதாரம் என்று ரசீதில் தனியாக வரி கிடையாது. வனையும்போது அடியை நன்றாக அழுத்தி இறுக்காவிட்டால், காயும்போது அடியில் வளைந்த விரிசல் ஓடும். கோப்பை ஒரு ஈரத்திலும் கைப்பிடி வேறு ஈரத்திலும் இருக்கும்போது ஒட்டினால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி, ஒட்டிய இடத்தில் பிளக்கும். உள்ளே ஈரம் மிச்சமிருக்கையில் சூளை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நீர் ஆவியாகி, பாண்டம் வெடித்துச் சிதறும். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். பூச்சு கனமாகிவிட்டால் உருகி வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், கோப்பையும் போச்சு, தட்டும் போச்சு.

சுருக்கமும் ஒரு கணக்கு. உயர்சூட்டுக் களிமண் ஈரநிலையிலிருந்து சுட்டு முடிவதற்குள் சுமார் 12 சதவீதம் சுருங்கும். 10 சென்டிமீட்டர் உயரக் கோப்பை வேண்டுமென்றால் 11.4 சென்டிமீட்டருக்கு வனைய வேண்டும். இந்தக் கணக்கு தப்பினால் மூடியும் பாண்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

900 நிமிடத்தை 34ஆல் வகுத்தால் ஒரு கோப்பைக்கு ஏறத்தாழ 26½ நிமிடம். ஐந்து நிமிடம் என்று கண்ணில் பட்டதன் உண்மை நீளம் இது.

ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். "மாதம் இவ்வளவு சம்பாதித்தால் போதும், அதை வேலை நேரத்தால் வகுத்துக்கொள்கிறேன்" என்ற கணக்கு. எந்த நாட்டு நாணயமும் வேண்டாம், வெறும் எண்களாகவே எடுத்துக்கொள்வோம். குடும்பம் நடத்த ஆண்டுக்கு 3,60,000 வேண்டும். வாரம் 45 மணி நேரம், ஆண்டுக்கு 48 வாரம் உழைப்பு. மொத்தம் 2,160 மணி. வகுத்தால் மணிக்கு 167. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இதில் இரண்டு ஓட்டைகள். பட்டறை வாடகை, மின்சாரம், காப்பீடு, கருவிகளின் தேய்மானம் ஆகியவை விடுபட்டுவிட்டன. தேய்மானம் என்றால், பத்து ஆண்டு உழைக்கும் சூளைக்கு ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைப்பது. எடுத்து வைக்காதவர் பதினோராவது ஆண்டில் கடன் வாங்குவார். இவற்றுக்கு 1,20,000 என்று வைத்தால் ஆண்டுத் தேவை 4,80,000 ஆகிறது.

அடுத்த ஓட்டை இதைவிடப் பெரியது. 45 மணி நேரமும் பொருள் செய்வதில் போவதில்லை. மண் வாங்கப் போவது, விசாரிப்பவருக்குப் பதில் எழுதுவது, படம் எடுப்பது, பொதி அனுப்புவது, கணக்கு எழுதுவது, சந்தையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது எல்லாம் சேர்ந்து 20 மணியை விழுங்கிவிடும். விற்கக்கூடிய பொருளைச் செய்யும் நேரத்துக்குப் பயன்நேரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அது வாரம் 25 மணி, ஆண்டுக்கு 1,200 மணி. 4,80,000ஐ 1,200ஆல் வகுத்தால் மணிக்கு 400.

கோப்பைக்கு வருவோம். 26½ நிமிடத்துக்கு, மணிக்கு 400 வீதம், 177. களிமண், பூச்சு, எரிபொருள் சேர்த்து 20. கூட்டினால் 197, கிட்டத்தட்ட 200. சேதாரத்தையும் விற்பனை நேரத்தையும் பட்டறைச் செலவையும் மறந்துவிட்டு, 900ஐ 40ஆல் வகுத்து 22½ நிமிடம், மணிக்கு 167, மூலப்பொருள் 20 என்று போட்டவருக்கு வருவது 83. அவர் ஒவ்வொரு கோப்பையோடும் தன் கைக்காசை வைத்துக் கொடுக்கிறார். விற்பனை கூடக்கூடக் கஷ்டம் கூடுவது ஏன் என்று புரியாமல் தவிப்பவர்களில் பெரும்பகுதி இந்த 83க்காரர்கள்தான்.

சுருக்கமாக: அடக்கவிலையில் இருப்பவை நான்கு. மூலப்பொருள், சேதாரம் சேர்ந்த உழைப்பு நேரம், பட்டறைச் செலவு, விற்பதற்கு ஆகும் நேரம். நான்காவதுதான் அதிகம் மறக்கப்படுவது.

ஒரே கோப்பை, இரண்டு வாசல்

நேரடியாக விற்காமல் கடைக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? விற்பனை நேரம் குறையும். பயன்நேரம் வாரம் 32 மணியாக உயர்ந்தால், ஆண்டுக்கு 1,536 மணி, மணிவிலை 313க்கு இறங்கும், கோப்பை 158. கடைக்கு மொத்த விலையாக 160 சொல்லலாம். கடை தன் வாடகை, ஆள், விற்காமல் தேங்கும் சரக்கு எல்லாவற்றுக்குமாக ஏறக்குறைய அதே அளவு ஏற்றி 320க்கு விற்கும். இதைக் கொள்ளை என்று திட்டுவதற்கு முன், அந்த வேலைகளை நாமே செய்தால் எத்தனை மணி நேரம் போகும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

சிக்கல் வேறிடத்தில் வரும். கடையில் 320க்கு இருக்கும் கோப்பையைக் கைவினைஞர் தன் பட்டறை வாசலில் 200க்கு விற்றால், வாங்குபவர் கடையில் பார்த்துவிட்டுப் பட்டறைக்கு வருவார். கடைக்காரர் அடுத்த முறை சரக்கு எடுக்க மாட்டார். அதனால் அனுபவசாலிகள் முதலில் மொத்த விலையின் அடித்தளத்தைப் போடுவார்கள், பிறகு சில்லறை விலையை எல்லா வாசலிலும் ஒன்றாக வைப்பார்கள். நேரடி விற்பனையில் கூடுதலாகக் கிடைப்பது, சந்தையில் உட்கார்ந்த நாளின் கூலி.

'விற்றபின் பணம்' என்று மூன்றாவது ஏற்பாடு ஒன்று உண்டு. பொருள் கடையில் இருக்கும், உரிமை கைவினைஞரிடமே இருக்கும், விற்றால் கடை தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தரும். பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து பாதிவரை இருக்கும். புதியவருக்குக் கதவு திறக்க இது எளிய வழி, ஆனால் கடைக்கு இதில் முதல் முடங்குவதில்லை என்பதால் விற்கும் அவசரமும் இருக்காது. நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்காமல் ஒரு பெட்டியைக்கூட இறக்கக் கூடாது: கடையின் பங்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்குத் தீர்ப்பது, உடைந்தாலோ திருடு போனாலோ யார் பொறுப்பு, விற்காத சரக்கை எந்தத் தேதியில் திருப்பித் தருவது.

பெயர் தெரியாதவரை எப்படி நம்புவது?

வாங்கும்போது பொருளின் உள்தரம் கண்ணுக்குத் தெரியாது. நாற்காலியின் இணைப்பில் முளையும் துளையும் இருக்கிறதா, வெறும் பசை மட்டுமா என்பது செய்தவருக்குத்தான் தெரியும். 1970இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். நல்லதையும் மோசத்தையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர், இரண்டுக்கும் நடுவான விலைதான் தருவார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல சரக்கு வைத்திருப்பவர் விலகுவார். கடைசியில் சந்தையில் மோசமானதே மிஞ்சும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாத இந்த நிலைக்குத் தகவல் ஏற்றத்தாழ்வு என்று பெயர்.

கைவினை உலகம் இதற்கு மிகப் பழைய மருந்து வைத்திருக்கிறது: முத்திரை. இங்கிலாந்தில் 1300இல் முதலாம் எட்வர்ட் காலத்துச் சட்டம், வெள்ளிப் பொருளைச் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை இட வேண்டும் என்றது. 1363இல் ஒவ்வொரு பொற்கொல்லரும் தனக்கென ஓர் அடையாளக் குறி வைத்திருக்க வேண்டும் என்று வந்தது. லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்தில், அதாவது 'ஹாலில்', குத்தப்பட்டதால்தான் அது ஹால்மார்க். முதல் முத்திரை உலோகத்தின் தரத்தைச் சொல்கிறது. இரண்டாவது, தவறென்றால் யாரைப் பிடிப்பது என்று சொல்கிறது. சின்னப் பட்டறைக்கு இரண்டாவது முக்கியம். கோப்பையின் அடியில் குத்திய பெயர் அழகுக்காக அல்ல, பொறுப்பேற்பதற்காக.

கம்பெனி இந்த நம்பிக்கையை விளம்பரத்தாலும் உத்தரவாதச் சீட்டாலும் வாங்குகிறது. கைவினைஞருக்கு அது திருத்தங்களில் கிடைக்கிறது. கழன்ற கைப்பிடியை முகம் சுளிக்காமல் மாற்றித் தந்த இடத்துக்கு அந்த ஆள் மறுபடி வருவார், இன்னொருவரையும் கூட்டி வருவார். ஆகவே திருத்த வேலைக்கு மாதத்தில் சில மணி நேரத்தை ஒதுக்கி, அதையும் மணிவிலைக் கணக்கில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றாவிட்டால் அது கையைக் கடிக்கும், கையைக் கடிப்பதை யாரும் முகம் சுளிக்காமல் செய்ய மாட்டார்கள்.

அச்சாரம்: வாங்குபவரே வங்கி

சொல்லிச் செய்யும் வேலைக்கு முன்பணம் வாங்குவதை அச்சாரம் என்கிறோம். இது மரியாதைக்கோ பயமுறுத்தலுக்கோ அல்ல. மரம் வாங்கவும், வேலை நடக்கும் வாரங்களில் அடுப்பு எரியவும் வேண்டிய முதலை வங்கிக்குப் பதில் வாங்குபவர் தருகிறார். மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கேட்கலாம். மூலப்பொருளின் முழு விலையையும் அது மூட வேண்டும் என்பதே கீழ்வரம்பு.

சாதாரணமாகப் பட்டறைகள் மூழ்குவதும் இந்த இடத்தில்தான். புதிதாக வந்த அச்சாரத்தை எடுத்துப் பழைய ஆர்டருக்கு மரம் வாங்குவது, அடுத்த அச்சாரத்தால் இந்த ஆர்டரை முடிப்பது. ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்வரை வெளியே தெரியாது. ஒரு மாதம் வரவு நின்றால், பணம் வாங்கிய மூன்று வேலைகள் மரமில்லாமல் நிற்கும். அச்சாரப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தந்த வேலைக்கு மட்டும் எடுப்பது ஒன்றே பாதுகாப்பு.

அச்சாரத்தோடு ஒரு தாளில் அளவு, மரம், பூச்சு, முடிக்கும் தேதி, எத்தனை முறை மாற்றம் கேட்கலாம் என்பதை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் மேசை முடிவதற்குள் மூன்று முறை வடிவம் மாறும், கூலி மட்டும் மாறாது.

பணமில்லாத மாற்று

"பண்டமாற்றுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆசையாகச் சொல்வார்கள். குயவருக்குத் துணி வேண்டும், நெசவாளிக்குக் கோப்பை வேண்டாம் என்றால் அங்கேயே நின்றுவிடும். இருவருக்கும் மற்றவரின் பொருள் அதே நேரத்தில் தேவைப்பட வேண்டும் என்ற இந்த நிபந்தனைக்குத் தேவைகளின் இரட்டைப் பொருத்தம் என்று பெயர்.

இதைத் தாண்ட ஒரு வழி, பரஸ்பரக் கடன் கணக்கு: ஒரு குழு தங்களுக்குள் வரவு பற்று எழுதிக்கொள்வது. குயவர் தச்சருக்கு 200 மதிப்புள்ள கோப்பை தருகிறார். குயவர் +200, தச்சர் −200. தச்சர் நெசவாளிக்கு 300க்கு அலமாரி செய்கிறார். தச்சர் +100, நெசவாளி −300. நெசவாளி குயவருக்கு 250க்குத் துணி தருகிறார். நெசவாளி −50, குயவர் −50. கூட்டிப் பாருங்கள், எப்போதும் பூஜ்யம். நாணயம் ஒன்றுகூடக் கைமாறவில்லை, மூன்று பொருள்கள் கைமாறிவிட்டன. 1934இல் சுவிட்சர்லாந்தில் சிறுதொழில் நடத்துபவர்களுக்காகத் தொடங்கிய 'வீர்' அமைப்பும், 1983இல் கனடாவில் மைக்கேல் லின்டன் தொடங்கிய 'லெட்ஸ்' முறையும் இந்த வழியில் வந்தவை.

இதுவும் உடையும் இடம் உண்டு. எல்லாருக்கும் தேவைப்படும் தச்சரிடம் வரவு குவிந்துகொண்டே போகும், அவருக்கு வேண்டியதோ குழுவில் இருக்காது. மறுபக்கம், பற்றை ஏற்றிக்கொண்டு ஒருவர் சொல்லாமல் போய்விடுவார். அதனால் பற்றுக்கும் வரவுக்கும் இரண்டு பக்கமும் உச்சவரம்பு வைக்க வேண்டும். மூலப்பொருளைக் குழுவுக்கு வெளியே காசுக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், அந்தப் பங்கைப் பணமாகவும் உழைப்பை மட்டும் கணக்கிலும் எழுதிக்கொள்ளும் குழுக்கள் நீடிக்கின்றன. இன்னொன்று, பல நாடுகளில் பண்டமாற்றும் வரிக்கு உட்பட்ட வருமானமே. பணம் கைமாறவில்லை என்பது விலக்கு ஆகாது.

கம்பெனிக்கு 'வெளியே' என்றால் எவ்வளவு வெளியே?

முழுதாக வெளியே யாரும் இல்லை. பொதி அனுப்புவது ஒரு கம்பெனி, பணம் வாங்கித் தருவது இன்னொன்று, சக்கரத்தின் மோட்டார் வேறொன்று. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: என்ன செய்வது என்று யார் முடிவெடுக்கிறார், விலையை யார் வைக்கிறார், வாங்கியவர் யாரென்று யாருக்குத் தெரியும். இணையச் சந்தையில் விற்பவர்கள் முதலிரண்டில் தேறி மூன்றாவதில் கோட்டை விடுவார்கள். அந்தத் தளம் நாளைக்கே விதியை மாற்றினால் பழைய வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல ஒரு வழியும் இருக்காது. பொதிக்குள் வைக்கும் ஒரு சிறு அட்டையும், வாங்கியவர் சம்மதத்தோடு பட்டறை நோட்டில் எழுதி வைத்த முகவரியும் அதற்குக் காப்பு.

வளர்வதிலும் ஓர் எல்லை இருக்கிறது. 1966இல் பொருளியலாளர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் சுட்டிக்காட்டியது இது: நான்கு பேர் வாசிக்கும் இசைத்துண்டுக்கு இன்றும் அதே நான்கு பேரும் அதே நிமிடங்களும்தான் வேண்டும். மற்றத் தொழில்களில் இயந்திரத்தால் உற்பத்தி கூடிக் கூலி உயர, கையால் செய்யும் வேலை ஒப்பீட்டில் விலை ஏறிக்கொண்டே போகும். இதற்குச் செலவு நோய் என்று பெயர். கோப்பையிலும் வனையும் ஐந்து நிமிடத்தைச் சுருக்க முடியாது. சுற்றியுள்ளதைச் சுருக்கலாம். அளவுக்குச்சி வைத்தால் ஒவ்வொன்றையும் அளக்க வேண்டாம், சூளையை நிரப்பியே எரித்தால் அதே எரிபொருளில் இன்னொரு வரிசை வெந்துவிடும், பக்கத்துப் பட்டறையோடு சூளையைப் பங்கிடலாம்.

உதவிக்கு ஆள் எடுப்பது கடைசி வழி, முதல் வழி அல்ல. கற்றுக்கொள்பவர் கை பழகும்வரை கற்றுத் தருபவரின் நேரமும் சேர்ந்து போகும். வாரம் 25 மணியாக இருந்த பயன்நேரம் 18க்கு இறங்கினால், புதியவரின் கூலியைச் சேர்க்காமலே மணிவிலை 400லிருந்து 556க்கு ஏறும். ஒப்புக்கொண்ட ஆர்டர்களோ பழைய விலையில் இருக்கும். அவற்றையெல்லாம் அனுப்பி முடித்து, புது விலைப்பட்டியல் போட்டு, வேலை மந்தமான மாதத்தில் ஆளைச் சேர்ப்பவர்கள் அந்த ஆண்டைத் தாண்டிவிடுகிறார்கள்.